அகலப் பாதம் உள்ளவர்கள் ஷூ கடையில் செய்யும் தவறுகள்

“என்ன நம்பர் சார்?”

கடைக்குள் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி இதுதான். எட்டு என்போம். எட்டு வரும், முன்பாதம் நுழையாது. ஒன்பது வரும், சுண்டுவிரல் நசுங்கும். பத்தில் கால் ஒருவழியாக உள்ளே போய்விடும். கடைப் பையன் முகத்தில் நிம்மதி, நமக்கும் அப்பாடா என்றிருக்கும். பில் போடச் சொல்லிவிடுவோம். அகலக் கால்காரர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான்.

அக்கா கல்யாண வரவேற்புக்கு நான் அப்படி ஒரு பத்தாம் நம்பர் வாங்கினேன். நீளத்துக்கு எனக்கு எட்டே போதும். மேடைப் படியில் ஷூவின் நுனி இடறி, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துத்தான் நிற்க முடிந்தது. போட்டோவில் இன்னும் இருக்கிறது. ஒரே மாதத்தில் அந்த ஷூவின் மூக்கு படகுபோல மேல்நோக்கி வளைந்தும் போனது.

நம் கடைகளில் பெரும்பாலும் புழங்குவது யூகே நம்பர். அது நீளக் கணக்கு. ஒரு நம்பர் ஏறினால் நீளம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மி.மீ. கூடும். விரல்கள் தொடங்கும் இடத்துச் சுற்றளவும் சும்மா இருக்காது, அது சுமார் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. போல ஏறும். கேட்கத் தாராளமாகத் தெரிகிறது. ஆனால் சுற்றளவு என்பது அடிப்பக்கம், மேல்பக்கம், இரண்டு விலா எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும் கணக்கு. தட்டையான அகலமாகக் காலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 2 மி.மீ.தான். ஆக 4 மி.மீ. அகலத்துக்கு ஆசைப்பட்டு இரண்டு நம்பர் ஏறுகிறவர், கூடவே 17 மி.மீ. வெற்று நீளத்தையும் இழுத்துக்கொண்டு நடக்கிறார்.

நீளம் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். நடக்கும்போது கால் மடங்குவது பெருவிரல் கணு இருக்கும் வரிசையில். ஷூவும் அதே இடத்தில் மடங்கும்படிதான் செய்கிறார்கள், அதன் அகலமான பகுதியும் அங்கேதான். பெரிய ஷூவில் அந்த வரிசை முன்னே தள்ளிப்போய்விடும். கால் ஓரிடத்தில் மடங்க, ஷூ வேறிடத்தில் மடங்கும். குதிகால் தூக்கித் தூக்கி அடிக்கும். நழுவாமல் பிடித்துக்கொள்ள விரல்கள் நமக்குத் தெரியாமலே கொக்கி போல் வளையும். சாயங்காலம் கெண்டைக்கால் ஏன் வலிக்கிறது என்று யோசிப்போம். குதிகாலில் கொப்புளமும் விரலில் கால் ஆணியும் ஒரே ஜோடி ஷூவில் கிடைப்பது இப்படித்தான்.

அகலத்துக்கு எழுத்து உண்டு

அமெரிக்க முறையில் அகலத்தை எழுத்தால் குறிக்கிறார்கள். ஆண்கள் ஷூவில் ‘டி’ என்றால் சாதாரண அகலம், ‘2ஈ’ அகலம், ‘4ஈ’ இன்னும் அகலம். பெண்களுக்குச் சாதாரண அகலம் ‘பி’, அகலமானது ‘டி’. நியூ பேலன்ஸ், ஏசிக்ஸ் போன்ற ஓட்டக் காலணிகளின் சில மாடல்களில் 2ஈ, 4ஈ கிடைக்கும். ஸ்கெச்சர்ஸ் ‘வைட் ஃபிட்’ என்றே எழுதுகிறது. கடையில் நேரில் இருப்பது அபூர்வம்தான், கேட்டால் விழிக்கவும் செய்வார்கள். ஆனால் ஆன்லைனில் தேடும்போது நம்பரோடு இந்த எழுத்தையும் போட்டுப் பாருங்கள்.

மேலே சொன்ன எழுத்துகளில் பெண்களுக்கு ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. பெண்களின் ‘அகல’ டி, ஆண்களுக்குச் சாதாரண டி. அகலப் பாதம் உள்ள பெண்கள் ஆண்கள் பக்க ரேக்கில் ஸ்போர்ட்ஸ் ஷூ பார்ப்பதில் தப்பே இல்லை. யூகே நம்பர் பெரும்பாலும் இருபாலருக்கும் ஒன்றுதான், யூஎஸ் நம்பராக இருந்தால் ஒன்று அல்லது ஒன்றரை குறைத்துக்கொள்ள வேண்டும். குதிகால் மட்டும் கொஞ்சம் தளரலாம். மேலே கணுக்கால் பக்கத்தில் உபரியாக ஒரு லேஸ் ஓட்டை இருக்கும் பாருங்கள், பலரும் தொடவே மாட்டார்கள். அதில் லேஸை வளையமாக விட்டு எதிர்ப்பக்க லேஸை அதற்குள் கோத்து இழுத்துக் கட்டினால் குதிகால் நகராது.

அளக்காமல் வாங்குவது

பத்து வருஷத்துக்கு முன்னால் எட்டு, அதனால் இன்றும் எட்டு என்று நினைக்கிறோம். வயது ஏற ஏறப் பாதம் தளர்ந்து பரவும். பிரசவத்துக்குப் பிறகு செருப்பு சேராமல் போனதாகச் சொல்லும் பெண்கள் எத்தனையோ பேர். காலையில் இருந்த கால் சாயங்காலம் இருக்காது, வீங்கியிருக்கும். அதனால் வாங்கப் போவதும் அளப்பதும் மாலையில்தான்.

அளக்க உலகம் முழுக்கப் புழங்கும் உலோகத் தட்டுக் கருவி ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்து சிராக்யூஸ் ஊரில் சார்லஸ் பிரானக் 1920-களில் செய்தது. குதிகாலிலிருந்து விரல் நுனி வரை, குதிகாலிலிருந்து பெருவிரல் கணு வரை, பிறகு அகலம் என்று மூன்று அளவு எடுக்கும். நம் கடைகளில் அதைக் காண்பது அரிது. வீட்டில் ஒரு ஏ4 தாள் போதும். சுவரோரம் தாளைப் போட்டு, குதிகால் சுவரில் படும்படி எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் பாதம் விரியாது. நீங்களே குனிந்து வரையவும் வேண்டாம், எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வீட்டில் வேறு யாராவது பேனாவைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு போடட்டும். இரண்டு காலும் வரையுங்கள். எது பெரிதோ அதற்குத்தான் ஷூ.

இந்தப் படம் கடையில் இன்னொரு விதத்தில் உதவும். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவி, உங்கள் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். அல்லது அதன்மேல் ஏறி நில்லுங்கள். சதை ஓரம் தாண்டி வழிந்தால் எத்தனை நம்பர் ஏறினாலும் அந்த மாடல் உங்களுக்கானது அல்ல. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

என் கால்தான் கோணல் என்று வெட்கப்பட்டு வந்திருக்கிறேன். சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதத்தை முப்பரிமாணக் கருவியில் அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியப் பாதம் பொதுவாக அகலம் என்பது அதில் தெரிந்த விஷயங்களில் ஒன்று. இந்தியாவுக்கென்று ‘பா’ என்ற பெயரில் (பாரத் என்பதன் முதல் எழுத்து) தனி அளவு முறையும் முன்மொழிந்திருக்கிறார்கள். ஆக, நாம் இத்தனை காலமும் அடுத்தவர் காலுக்குச் செய்த அச்சில் நம் காலைத் திணித்துவிட்டு, கால்மேல் குறை சொல்லியிருக்கிறோம். செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்வது பழமொழியில் மட்டும் இல்லை.

“போடப் போட லூஸாயிடும் சார்”

பாதி உண்மை. அசல் தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது. ரெக்சினும் பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட துணியும் அப்படியே நிற்கும், அல்லது வெடிக்கும். தோல் ஷூவிலும் மூக்குப் பகுதிக்குள் விறைப்புக்காக ஒரு தகடு போலக் கொடுத்திருப்பார்கள். விரல் இடிக்கும் இடம் அதுவென்றால் எத்தனை மாதம் போட்டாலும் காலம்தான் போகும். பெருவிரல் கணு புடைத்திருப்பவர்களுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் இழுத்து விரித்துக் கொடுக்கும் தொழிலாளிகள் உண்டு. தோலாக இருந்தால் முயன்று பார்க்கலாம். கடையின் கார்ப்பெட்டில் இரண்டடி நடந்து முடிவு செய்யாமல், வெறும் தரையில் பத்து நிமிஷம் நடங்கள். அப்போதே கடித்தால் அப்புறமும் கடிக்கும்.

அகலம் என்று நாம் சொல்வது சில நேரம் உயரமாகவும் இருக்கும். மேற்பாதம் மேடாக உள்ளவர்களுக்கு லேஸ் கட்டும் இடம்தான் அழுத்தும். ஆபீஸ் ஷூ வாங்கும்போது லேஸ் மடல்களைக் கவனியுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு வகையில் மடல்கள் கீழே சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும், விரியாது. டெர்பி வகையில் மடல்கள் தனித்தனியே இரண்டு பக்கமும் திறக்கும், மேடான காலுக்கு இடம் கொடுக்கும். லேஸே இல்லாத லோஃபர் காலில் நிற்பதே இறுக்கத்தால்தான், எனவே நமக்கு அது எதிரி. கூர்மூக்கு ஷூ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளின் ஸ்கூல் ஷூவில் “அடுத்த வருஷமும் வரட்டும்” என்று இரண்டு நம்பர் கூட்டி வாங்குவது அதே பழைய தவறின் குட்டி வடிவம். மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதும் பலிக்காது, குழந்தை விரலை மடக்கிக்கொள்ளும். இன்சோலை உருவி அதன்மேல் நிற்க வைத்து, விரல் நுனிக்கு முன்னால் ஒரு செ.மீ. போல இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மட்டும் நான் சொன்னதில் ஒரு பகுதி பொருந்தாது. ‘போட்டுப் பார்த்து சுகமாக இருந்தால் வாங்கு’ என்ற விதி அவர்களிடம் செல்லாது. காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சரியான ஷூ லூஸாகத் தோன்றும், இறுக்கமானதுதான் ‘கச்சிதம்’ என்று படும். எனவே கண்ணால் பார்த்தும் அளந்தும்தான் வாங்க வேண்டும். எம்சிஆர் என்ற மென்ரப்பர் அடியும், வெல்க்ரோ பட்டையும், குதிகாலுக்குப் பின்னால் வாரும் உள்ள செருப்பு நல்லது. வார் இல்லாத செருப்பு கழன்று போனதுகூடச் சிலருக்குத் தெரியாது. போடும் முன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுக் கல், ஆணி, மடிந்த துணி இருக்கிறதா என்று தடவுங்கள். புதுச் செருப்பை முதல் வாரம் அரைமணி, ஒருமணி என்று போட்டுக் கழற்றுங்கள். கழற்றியதும் பாதத்தில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் வெளிச்சத்தில் பார்க்கட்டும்.