எது பிந்தையதோ: 2021 கொரோனா காலத்தில் பிரிட்டனுக்கு வந்து சேருபவர்களுக்கு

(2021 ஜூன் மாதம் எழுதியது. இதில் வரும் பயண விதிகள், கட்டணங்கள், இலவசங்கள், அட்டைகள், வாடகை நடைமுறைகள் எல்லாம் அன்றைய நிலவரம்; இன்றைக்கு அப்படியே பொருந்தாது.) என் மாமா பையன் அடுத்த மாதம் வருகிறான். மனைவியோடு நர்சிங் படித்த இரண்டு பேர் விசா வாங்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விகளைக் கேட்டு, நானும் ஒரே பதிலைக் குரல் பதிவாக அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். பயணச் சம்பிரதாயங்களை வேகமாகச் சொல்லி முடித்துவிடுவேன். அவையெல்லாம் அரசாங்கத் தளத்தில் இருக்கின்றன. நான் அடிபட்ட இடம் வேறு.

கொரோனா அபாயம் அதிகம் என்று பிரிட்டன் வைத்திருக்கும் நாடுகளின் சிவப்புப் பட்டியலில் இந்தியா 2021 ஏப்ரல் 23-ஆம் தேதி அதிகாலை 4 மணியிலிருந்து இருக்கிறது. இலங்கையை இந்த ஜூன் 8-ல் சேர்த்தார்கள். விசா இருந்தால் வரலாம். ஆனால் அரசாங்கம் ஒதுக்கும் ஹோட்டலில் பத்து நாள் அடைந்து கிடக்க வேண்டும். பெரியவர் ஒருவருக்கு 1,750 பவுண்டு. அதே அறையில் இன்னொரு பெரியவர் என்றால் கூடுதலாக 650, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 325, அதற்குக் கீழே இலவசம். விமான நிலையத்திலிருந்து பஸ், மூன்று வேளைச் சாப்பாடு, 2-ஆம் நாளும் 8-ஆம் நாளும் பரிசோதனை எல்லாம் அதில் அடக்கம். கிளம்புவதற்கு முந்தைய 3 நாளுக்குள் எடுத்த நெகட்டிவ் சான்று வேண்டும். எந்தெந்த நாட்டில் இருந்தோம் என்று சொல்லும் பாசஞ்சர் லொகேட்டர் படிவத்தை வந்து இறங்குவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அதில் போய்வந்த நாட்டை மறைத்தால் பத்து வருடம் வரை சிறை.

குறுக்கு வழி யோசிக்காதீர்கள். தெரிந்தவர் ஒருவர் ஹோட்டல் காசை மிச்சம் பிடிக்க மாலத்தீவில் பத்து நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கணக்குப் போட்டார். பாதி நாளிலேயே, மே 12-ல், மாலத்தீவும் சிவப்பாகிவிட்டது. மாலத்தீவுச் செலவு ஒன்று, இங்கே ஹோட்டல் செலவு ஒன்று. துபாய், தோஹா, மஸ்கட் மூன்றும் முன்பே சிவப்பு. அங்கே விமானம் மாறினாலும் கணக்கில் வந்துவிடும்.

நானும் நான்கு வயது மகனும் மே 5-ல் இறங்கினோம். ஹீத்ரோவில் நான்கு மணி நேரம் வரிசை, எல்லா நாட்டுக்காரர்களோடும் இடித்துக்கொண்டு. இப்போது, ஜூன் 1 முதல், நேரடியாக வரும் சிவப்புப் பட்டியல் விமானங்களுக்கு டெர்மினல் 3-ஐத் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். எங்களை வைத்துப் பாடம் படித்தார்கள் போலிருக்கிறது. ஹோட்டலில் ஜன்னல் திறக்காது. சாப்பாடு பழுப்புக் காகிதப் பையில் கதவுக்கு வெளியே வைக்கப்படும். தட்டிவிட்டு ஆள் போய்விடுவார். மூன்றாம் நாளிலிருந்து என் மகன் கதவருகே உட்கார்ந்துகொண்டு "பை வந்துடுச்சு" என்று அறிவிப்பதை வேலையாக வைத்துக்கொண்டான். ஊறுகாய், பருப்புப்பொடி, ரெடி உப்புமா பாக்கெட் கொண்டுவாருங்கள். கெட்டிலில் வெந்நீர் மட்டும் உண்டு.

வெளியே வந்ததும் நான்கு வேலை. பி.ஆர்.பி. என்ற வசிப்பு அனுமதி அட்டையைக் குறிப்பிட்ட தபால் நிலையத்தில் வாங்குங்கள். ஜி.பி. எனப்படும் வட்டாரக் குடும்ப டாக்டரிடம் பதிவு செய்யுங்கள். முகவரிச் சான்று இல்லை என்று வரவேற்பறையில் திருப்பி அனுப்பினால், பதிவுக்கு அது கட்டாயமில்லை என்று பணிவாக, ஆனால் நகராமல் சொல்லுங்கள். சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்புப் பணத்துக்கான நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். எண் வரும்வரை வேலையில் சேரக் காத்திருக்க வேண்டியதில்லை. தடுப்பூசி போடுங்கள். இங்கிலாந்தில் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் இப்போது, 2021 ஜூனில், பதிவு செய்யலாம், யாருக்கும் காசு கிடையாது. வீட்டிலேயே எடுக்கும் லேட்டரல் ஃப்ளோ என்ற துரிதப் பரிசோதனைக் கிட்டும் இலவசம்தான்.

சரி, இனி என் கதை.

மனைவி ஜனவரியிலேயே வந்து இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்துவிட்டாள். நான் அவளைச் சார்ந்த விசாவில் வந்தவன். ஊரில் பதினொரு வருடம் கணக்கு பார்த்தவன், வந்த இடத்தில் சும்மா இருக்கக் கூடாது என்று கிளம்பும் முன்பே இணையத்தில் நேர்முகம் முடித்து ஒரு வேலை பிடித்துவிட்டேன். கல்யாணம், பிறந்தநாள், நிறுவன விருந்து நடத்தும் ஒரு மண்டபம்; அங்கே கணக்கும் முன்பதிவும் பார்க்கும் வேலை. சேரும் நாள் ஜூன் 21.

ஏன் அந்த நாள் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரி 22-ல் பிரதமராக இருந்த ஜான்சன், இங்கிலாந்தின் ஊரடங்கை நான்கு கட்டமாகத் தளர்த்துவோம் என்று ஒரு திட்டம் வெளியிட்டார். மார்ச் 8 பள்ளிகள், ஏப்ரல் 12 கடைகளும் முடிவெட்டும் கடைகளும், மே 17 உணவகங்களுக்கு உள்ளே உட்கார்வது, ஜூன் 21 எல்லாமே. கட்டத்துக்குக் கட்டம் ஐந்து வாரம்: நான்கு வாரம் நிலவரம் பார்க்க, ஒரு வாரம் முன்னறிவிப்புக்கு. சொன்ன நாளில் சொன்னது நடந்துகொண்டே வந்தது. நாங்கள் ஹோட்டலை விட்டு வெளியே வந்தது மே 16. மறுநாள் மூன்றாம் கட்டம். பதினோரு இரவு அடைபட்டுக் கிடந்தவனுக்கு, தெருவில் மேசை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் என்ன தோன்றும்? இந்த ஊர்க்காரர்கள் தேதி சொன்னால் தேதிதான் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன், ஏதோ நானே திட்டம் போட்டதுபோல.

ஊரிலிருந்தால் இப்படி ஏமாந்திருக்க மாட்டேன். "தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு மேலும் ஒரு வாரம் நீட்டிப்பு" என்று வாராவாரம் கேட்டுப் பழகிய காது நமக்கு. அங்கே எந்தத் தேதியையும் நம்பி யாரும் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க மாட்டோம். இங்கே அட்டவணை அழகாக இருந்ததால் அந்தப் புத்தியை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

உண்மையில் அந்தத் திட்டத்தில் எந்த நாளும் "இந்த நாள்" என்று இல்லை. எல்லாமே "இந்த நாளுக்கு முன்பாக இல்லை" என்றுதான் இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு நிபந்தனைகள் வேறு. தடுப்பூசி போடும் வேகம் குறையக் கூடாது, தடுப்பூசியால் சாவும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறைய வேண்டும், தொற்று ஏறி மருத்துவமனைகள் திணறக் கூடாது, புதிய வகை வைரஸ் வந்து கணக்கை மாற்றக் கூடாது. அந்த நான்காவதில்தான் எங்கள் வாழ்க்கை மாட்டிக்கொண்டது.

மே 7-ல் பி.1.617.2 என்ற கொரோனா வகையைக் கவலைக்குரியது என்று அறிவித்தார்கள். அப்போது நாங்கள் ஹோட்டல் அறையில். இங்கே பத்திரிகைகளில் அதற்குப் பெயர் "இந்திய வைரஸ்". மே 31-ல் உலக சுகாதார நிறுவனம் டெல்டா என்று பெயர் வைத்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அதற்குள் மேற்கு லண்டனில் இருக்கும் ஹவுன்ஸ்லோவில் நாங்கள் வீடு பார்த்துக் குடிவந்திருந்தோம். அந்த வட்டாரத்திலும் தொற்று ஏறி, கவுன்சில் ஆட்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பரிசோதனைக் கிட் கொடுத்தார்கள். எதிர் வீட்டுப் பாட்டி மதில் அருகே நின்று, இந்தியாவிலிருந்து வந்தது எப்போது என்று மிக இனிமையாக விசாரித்தார். மூன்று முறை பரிசோதனை எடுத்து, பத்து நாள் காவல் இருந்து வந்தவன் நான். அந்தத் தெருவிலேயே என்னைவிடச் சுத்தமான மூக்கு யாருக்கும் இருந்திருக்காது. சிரித்துக்கொண்டே "ஏப்ரலுக்குப் பிறகு" என்றேன். சண்டை போட ஆங்கிலம் வரவில்லை.

வீட்டு விஷயம். இங்கே வாடகைக்கு விடும் ஏஜென்ட் முதலில் கேட்பது கடன் வரலாறு. புதிதாக வந்தவனுக்கு அது ஏது? ஒன்று, இந்த ஊரில் சம்பாதிக்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். இல்லை, ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்ட வேண்டும். மாதம் 1,300 பவுண்டு வாடகை. ஆறு மாதத்துக்கு 7,800. ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால் அது 1,500. ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய எனக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த காப்புத் திட்டம் ஒன்றில் போட்டாக வேண்டும், போட்டதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள், நான் வாங்கினேன். அதில் எல்லாம் கெட்டிக்காரன்தான்.

தப்பு வேறு இடத்தில். மனைவி சம்பளத்துக்கு ஒரு படுக்கையறை வீடு போதும். இரண்டு சம்பளம் வரப்போகிறது என்று இரண்டு படுக்கையறை எடுத்தோம். பன்னிரண்டு மாத ஒப்பந்தம். நடுவில் காலி செய்ய வழி வைக்கும் நிபந்தனை, இங்கே பிரேக் கிளாஸ் என்பார்கள், வேண்டுமா என்று ஏஜென்ட் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 14 மாலை ஜான்சன் டிவியில் வந்தார். நான்காம் கட்டம் நான்கு வாரம் தள்ளி ஜூலை 19. டெல்டா, முன்பிருந்த கென்ட் வகையைவிடச் சுமார் 60 சதவீதம் வேகமாகப் பரவுகிறது. ஒரு டோஸ் மட்டும் போட்டவர்களிடம் டெல்டாவால் அறிகுறியோடு வரும் தொற்றைத் தடுப்பூசி 33 சதவீதம்தான் தடுக்கிறது, இரண்டு டோஸ் போட்டால் மருத்துவமனைக்குப் போவதை 90 சதவீதத்துக்கு மேல் தடுக்கிறது. ஆகவே அந்த நான்கு வாரத்தில் இரண்டாவது டோஸை முடிந்தவரை போட்டுவிடுவோம் என்பது கணக்கு. கணக்கில் எனக்குக் குறை இல்லை. என் மனைவி வார்டில் பார்த்த ஜனவரியை நான் பார்க்கவில்லை. அவள் அந்த மாதத்தைப் பற்றி இன்னும் முழுதாகப் பேசியதில்லை. பேச்சு முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, "உங்க வேலைக் கடிதத்தை எடுங்க" என்றாள்.

எடுத்தோம். இரண்டாம் பக்கம், மூன்றாவது பத்தி. பணி தொடங்கும் நாள்: ஜூன் 21, அல்லது நான்காம் கட்டம் நடைமுறைக்கு வரும் நாள், இவற்றில் எது பிந்தையதோ அது. இந்த வரியை நான் மே மாதமே படித்திருந்தேன். வங்கிப் பத்திரங்களில் வரும் சடங்கு வாசகம் என்று தாண்டிப்போயிருந்தேன். பதினொரு வருடம் மற்றவர்களின் பத்திரங்களில் இதே வரியைத் தேடிப் பிடித்து அடிக்கோடு போட்டுத்தான் சம்பளம் வாங்கினேன்.

மறுநாள் மேலாளரை அழைத்தேன். கல்யாணத்துக்கு 30 பேர் என்ற உச்சவரம்பை 21-ஆம் தேதி எடுக்கிறார்களே, மண்டபம் ஓடுமே என்றேன். வரம்பு போகிறது, இடைவெளி விதி போகவில்லை என்றார். இடைவெளி விட்டு மேசை போட்டால் பாதி மண்டபம்கூட நிறையாது, உள்ளே நடனமும் கூடாது. ஆகவே பாதி விருந்துகள் இலையுதிர் காலத்துக்குப் போய்விட்டன. பழைய ஆட்களை ஃபர்லோவில் வைத்திருக்கிறோம் என்றார்.

ஃபர்லோ என்பது, வேலை இல்லாத நேரத்துக்கும் ஊழியரின் சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்டு வரை, கிடைக்கச் செய்யும் கொரோனா கால அரசு ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மே மாதம் முதல் அதில் வர, மார்ச் 2-ஆம் தேதி அந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். மார்ச் 2-ல் நான் சென்னையில் விசா வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். புதிதாக வருகிற யாருக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நண்பர் ஒருவர், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையைக் கேட்டுப் பாரேன் என்றார். கேட்டுவிடாதீர்கள். உங்கள் பி.ஆர்.பி. அட்டையை எடுத்துப் பாருங்கள்; பொது நிதி கிடையாது என்று அதிலேயே எழுதியிருக்கும். தெரியாமல் விண்ணப்பித்தாலும் விசாவுக்கு வினை.

ஆக, கட்டாயம் செய்ய வேண்டியவை என்று நான் சொல்வது இவ்வளவுதான். வேலைக் கடிதத்தில் தேதிக்குப் பின்னால் வரும் வாக்கியத்தை, தேதியைவிட இரண்டு முறை அதிகம் படியுங்கள். தளர்வைப் பொறுத்து வேலை என்றால், முதல் சம்பளம் கணக்கில் விழும்வரை அந்த வேலை இல்லை என்றே வைத்துக்கொண்டு வீடு பாருங்கள். உணவகம், மண்டபம், விமான நிலையம், சுற்றுலா ஆகிய நான்கு துறைகளுக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும். மருத்துவமனை, முதியோர் இல்லம், கிடங்கு வேலைகளுக்கு வைரஸ் தேதி பார்ப்பதில்லை. முதல் ஆறு மாதம் யார் வீட்டிலாவது ஓர் அறை எடுத்துத் தங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை; எங்கள் அம்மா அதைத்தான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. முழு வீடுதான் வேண்டும் என்றால் ஆறாம் மாதத்தில் பிரேக் கிளாஸ் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொன்று: ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி அட்டவணை. கிளாஸ்கோவுக்குப் போகிறவர் லண்டன் செய்தியைப் பார்த்துப் பெட்டி கட்ட வேண்டாம்.

ஜூலை 19 கடைசித் தேதி, இனி தள்ளாது என்று பிரதமர் சொல்கிறார். நேற்று மண்டபத்திலிருந்து புதுக் கடிதம் வந்தது. அதே வாசகம், ஜூன் 21 இருந்த இடத்தில் ஜூலை 19. "எது பிந்தையதோ" அப்படியே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. இதற்கிடையில் பக்கத்துத் தெருவில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கிறார்களாம். திங்கட்கிழமையே சேரலாம் என்கிறார்கள்.