ஏற்காட்டு மண் பாதையில் மார்கழி ஓட்டம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

சேலத்தில் காந்தி ஸ்டேடியம் பக்கம் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடுகிறவர், ஏற்காட்டில் எஸ்டேட் ஓரத்து மண் பாதையில் அதே ஒரு மணி நேரத்தில் 6 கிலோமீட்டர் ஓடினாலே நல்ல ஓட்டம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலைக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் வாட்சைப் பார்த்துப் பார்த்தே கெட்டுப்போகிறார்கள். வேகம் குறைகிறதே என்று ஏற்றத்தில் மூச்சு முட்ட ஓடி, இருக்கிற தெம்பையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, அப்புறம் இறக்கத்தில் கால் நடுங்க நடுங்க இறங்குவார்கள். கிலோமீட்டரை விடுங்கள். நேரம் மட்டும் போதும்: முதல் நாளுக்கு 40 நிமிடம், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம்.

மார்கழி நடுவிலிருந்து மாசி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை அநேகமாக ஓய்ந்திருக்கும், மண் சேறாக இல்லாமல் ஈரத்தோடு அழுந்தி இருக்கும், கோடை விடுமுறைக் கூட்டமும் இன்னும் வந்திருக்காது. குளிர்தான் கொஞ்சம் பயமுறுத்தும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சொச்சம், ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதனால் கீழே விடிகாலையில் 20 டிகிரி என்றால் மேலே 12, 13 என்று வைத்துக்கொள்ளலாம். காற்றழுத்தமும் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆனால் மூச்சு வாங்குவதற்கு அதன் மேல் பழியைப் போடாதீர்கள், பெரும்பங்கு ஏற்றத்தின் வேலைதான்.

குளிருக்குப் பயந்து ஸ்வெட்டர், குரங்கு குல்லா என்று மூட்டையாகக் கிளம்பினால் பத்தே நிமிடத்தில் உள்ளே தொப்பலாக நனைந்துவிடும். நின்ற மறுநிமிடம் அந்த ஈரம்தான் குளிரெடுக்க வைக்கும். பருத்தி பனியனும் அப்படித்தான், வேர்வையைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியஸ்டர் டி-ஷர்ட், மேலே மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட், அவ்வளவுதான். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் ஒன்றைக் கழற்றி வண்டியில் வைத்துவிடுங்கள். மாற்றுவதற்கு உலர்ந்த சட்டை ஒன்று கண்டிப்பாக இருக்கட்டும்.

ஷூவுக்காக முதல் நாளே ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. தார் ரோட்டில் ஓடுகிற ஷூவே காய்ந்த பாதைக்குப் போதும். ஈரச் செம்மண்ணில் மட்டும் அது வழுக்கும், அடி வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். தொடர்ந்து வருவது என்று முடிவானால், அடியில் 4, 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பல் உள்ள டிரெயில் ஷூ வாங்குங்கள். எந்த ஷூவாக இருந்தாலும் கால் நகத்தை முந்தின நாளே வெட்டிவிட்டு, லேஸை கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கிக் கட்டைவிரல் நகம் ஷூவில் இடித்து இடித்துக் கறுத்துப்போவது இதைச் செய்யாததால்தான்.

எங்கே ஓடுவது? அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக ஓடி ஏறும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் தடவைக்கு வேண்டாம், பனிமூட்டத்தில் பஸ்ஸும் பைக்கும் உங்களைப் பார்ப்பதே கஷ்டம். வண்டியை ஏரிப் பக்கம் நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, பகோடா பாயின்ட் பக்கமோ சேர்வராயன் கோயில் பக்கமோ போங்கள். ரோட்டோரத்தில் தொடங்கி, ஊர்க்காரர்கள் நடந்து நடந்து பதிந்த வழிகள் வந்தால் அதில் இறங்கிக்கொள்ளலாம். சேர்வராயன் கோயில் இருக்கும் மேடு 5,326 அடி, ஏற்காட்டிலேயே உயரமான இடம். மேலே மரமில்லாத வெட்டவெளி என்பதால் காற்று அறையும், கழற்றி இடுப்பில் கட்டிய ஜாக்கெட்டை மறுபடி போட வேண்டி வரும். மலையைச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் லூப் ரோடு பழகினவர்களுக்கு. கிளியூர் அருவிக்கு இறங்கும் வழி செங்குத்து, அங்கே நடப்பதே போதும்.

காபித் தோட்டங்கள் எல்லாம் தனியார் இடம், கேட் திறந்திருக்கிறது என்று உள்ளே ஓடிவிடாதீர்கள். காவலாளியிடமோ மேஸ்திரியிடமோ ஒரு வார்த்தை, “அண்ணா, இந்த வழியா ஓடிட்டுப் போகலாமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதே மாதங்களில்தான் காபிப் பழம் பறிப்பார்கள், பாதையில் மூட்டையோடு ஆட்கள் வருவார்கள். ஒதுங்கி நிற்க வேண்டியது நீங்கள்தான், அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது.

காட்டெருமை இருக்கிற மலை இது. விடிவதற்கு முன்னும் இருட்டும் நேரத்திலும் எஸ்டேட்களுக்குள்ளேயே மேயும். அதனால் ஏழு மணிக்கு மேல் ஓடத் தொடங்குங்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள், வளைவுகளில் பேசிக்கொண்டே போங்கள், காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். எதிரே பார்த்துவிட்டால் அப்படியே நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். கன்று இருந்தால் அதற்கும் தாய்க்கும் நடுவில் போய்விடக் கூடாது. போட்டோவெல்லாம் அப்புறம்.

பனிமூட்டம் இறங்கினால் தலையில் மாட்டும் டார்ச் உதவாது, வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக நிற்கும். டார்ச்சைக் கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்தால் தரை தெரியும். தார் ரோட்டில் ஓடும்போது வலது ஓரம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். ஏற்றத்தில் நடங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, மலை ஓட்டப் பந்தயங்களில் முன்னணியில் ஓடுகிறவர்களே செங்குத்து வந்தால் நடக்கிறார்கள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லையென்றால் உடனே நடை.

இறக்கம்தான் விஷயமே. ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டு வேலை செய்கிறது, இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகம் வருவது இந்த இரண்டாவது வேலையில்தான். மூச்சு வாங்காததால் அப்போது ஒன்றும் தெரியாது, சுகமாகப் பறந்து வருவீர்கள். வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டு செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குகிறவரைப் பார்த்தால் இது நினைவுக்கு வரட்டும். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: அளவாக ஒரு தடவை இறங்கிப் பழகிவிட்டால் தசை அதற்குத் தகவமைத்துக்கொள்கிறது, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு வலிக்காது. அதனால் ஏற்காடு வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் சேலம் குமரகிரி முருகன் கோயில் படிகளில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, நிதானமாக ஏறி இறங்கிவிட்டு வாருங்கள். சேலத்தில் அதைவிடச் சுலபமான தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை.

இறங்கும்போது எட்டிப்போட்டு வைக்காதீர்கள், எட்டு சின்னதாக, அடிக்கடி. முழங்கால் லேசாக மடங்கியே இருக்கட்டும், கால் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். உடம்பைப் பின்னால் சாய்த்துக் குதிகாலை ஊன்றுவதுதான் ஈர மண்ணில் சறுக்கி உட்கார வைக்கும். கைகளைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டால் நிலை தடுமாறாது. பார்வை காலடியில் வேண்டாம், நாலைந்து எட்டு முன்னால். சில்வர் ஓக் சருகு மூடிய இடங்களில் அடியில் வேர் இருக்கிறதா கல் இருக்கிறதா தெரியாது, நிழலில் இருக்கும் பாறையில் பாசி இருக்கும், இரண்டு இடத்திலும் நடந்துவிடுங்கள்.

ஒரு மணி நேர ஓட்டத்துக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ, பையில் அரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் நடுநடுவே குடியுங்கள். போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது, எந்தப் பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

முடித்ததும் முதல் வேலை ஈரச் சட்டையை மாற்றுவது, டீ அதற்கப்புறம். உடனே வண்டியை எடுக்காமல் கால் மணி நேரமாவது நடந்து காலைத் தளர்த்துங்கள். ஓடிக் களைத்த கால் பிரேக் மிதிக்கும்போது பிடித்துக்கொண்டால் அந்த 20 வளைவுகள் விளையாட்டில்லை. ஓடாமல் சும்மா ஊர் பார்க்க வந்த மச்சானோ நண்பரோ கூட இருந்தால், இறங்கும்போது சாவியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.