கிளார்க் ரிசர்வேஷன்: அருவி தோண்டிய ஏரிக்குச் செல்பவர்களுக்கு

நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரத்திலிருந்து ஜேம்ஸ்வில் என்னும் சிற்றூரை நோக்கி 173ஆம் எண் சாலையில் சென்றால், நகரத்தின் ஓசை அடங்கி முடிவதற்குள்ளாகவே கிளார்க் ரிசர்வேஷன் மாநிலப் பூங்காவின் நுழைவாயில் வந்துவிடும். அதன் பரப்பு ஏறத்தாழ 377 ஏக்கர்தான். பெரிய பூங்காக்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதை ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். குறைந்தது அரை நாளாவது ஒதுக்கி வாருங்கள். இங்கே பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை கணுக்கால் உயரத்தில், பாறை இடுக்குகளில்தான் இருக்கின்றன.

வண்டியை நிறுத்தியதும் நேரே ஏரிக்கு இறங்கிவிடாமல், முதலில் பாறை விளிம்பில் உள்ள காட்சி இடத்திற்குச் செல்லுங்கள். சுமார் 55 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் வளைந்து நிற்க, அவற்றின் அடியில் பச்சை நிறத்தில் ஒரு வட்டமான சிறு ஏரி கிடக்கும். அதன் பெயர் கிளேசியர் ஏரி. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், வடக்கிலிருந்து பரவியிருந்த பெரும் பனிப்பாளம் உருகிப் பின்வாங்கியபோது, உருகிய நீர் ஓர் ஆறாகத் திரண்டு இந்தப் பாறை விளிம்பிலிருந்து கொட்டியது. அந்த அருவி விழுந்து விழுந்து தோண்டிய குழிதான் இந்த ஏரி. அருவியும் அதற்கு நீர் தந்த பனியும் போய்விட்டன; நம் ஊர் அருவிகளின் கீழே உள்ள தடாகத்தைப் போன்ற அந்தக் குழி மட்டும் நிலைத்துவிட்டது. இதை மனத்தில் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினால், ஒவ்வொரு பாறைச் சுவரையும் தண்ணீர் விழுந்த சுவராகவே காண்பீர்கள்.

ஏரிக்கு இறங்கும் கற்படிகள் செங்குத்தானவை. மழைக்குப் பிறகு வழுக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்து வந்திருந்தால், அவர்களை மேலேயே காட்சி இடத்திலும் இயற்கை மையத்திலும் இருக்கச் செய்வது நல்லது. கீழே சென்றதும் நீரில் இறங்க ஆசை வரும், ஆனால் இங்கே நீந்த அனுமதி இல்லை. ஏரியின் ஆழம் ஏறத்தாழ 19 மீட்டர். இப்பகுதியின் பெரும்பாலான ஏரிகளில் இலையுதிர் காலத்திலும் இளவேனிலிலும் மேல்நீரும் அடிநீரும் கலந்துவிடும், இங்கே கலப்பதில்லை. சுற்றிலும் நிற்கும் சுவர்கள் காற்றைத் தடுத்துவிடுவதும், அடியிலுள்ள நீர் கரைந்த உப்புகளால் கனத்திருப்பதும் அதற்குக் காரணங்கள். ஆகவே அடிநீருக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை, மீன்களும் அங்கே வாழ்வதில்லை. இத்தகைய ஏரிகள் உலகில் அரிது. கரையில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். காற்றே வராத அந்த நீர்ப்பரப்பின் அமைதிக்கு அர்த்தம் புரியும்.

மீண்டும் மேலே ஏறியபின் பாறைத் தளத்தின் மீது செல்லும் பாதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். என் கருத்தில் ஏரியைவிட இந்தப் பகுதிதான் பூங்காவின் உயிர். காலுக்குக் கீழே இருப்பது டெவோனியன் காலத்துக் கடலடியில், ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த சுண்ணாம்புக்கல். குனிந்து பார்த்தால் பவளங்களின் புதைபடிவங்களும் கடல் அல்லி என்னும் கடல் விலங்கின் சிறு வளையங்களும் தென்படும். மழைநீர் இந்தக் கல்லை நெடுங்காலமாகக் கரைத்து, ஆள் விழக்கூடிய அளவுக்குப் பிளவுகளை உண்டாக்கியிருக்கிறது. உதிர்ந்த இலைகள் அவற்றின் வாயை மூடிவிடும் என்பதால், குழந்தைகளின் கையை இங்கே விடவே கூடாது. கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் காலணி வேண்டும். செருப்போடு வரக் கூடாது.

ஒரு பிளவின் ஓரத்தில் மண்டியிட்டு உள்ளே பாருங்கள். கோடையின் நடுவிலும் குளிர்ந்த காற்று முகத்தில் படும். பாசி படர்ந்த கல்லில் நடக்கும் பெரணி என்று சொல்லப்படும் சிறு செடி ஒட்டியிருக்கும். அதன் இலை நுனி வால்போல் நீண்டு, கல்லைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு ஒரு புதுச் செடியாகிவிடும். அந்தச் செடியின் இலை இன்னும் ஒரு விரற்கடை தள்ளிக் கல்லைத் தொடும். இப்படித்தான் தாயும் மகளும் பேத்தியுமாக அது பாறையின் மேல் நடந்து போகிறது.

இந்தப் பூங்காவின் உண்மையான செல்வம் மான் நாக்குப் பெரணி. மற்றப் பெரணிகளைப் போலக் கீற்றாகப் பிரியாமல், நாக்குப் போன்ற முழு இலையும் பளபளப்பான பச்சையும் கொண்டது; இலையின் பின்புறம் நடுநரம்பின் இருபக்கமும் பழுப்புக் கோடுகளாக வித்துகள் அமைந்திருக்கும். தாவரவியலாளர் ஃபிரெடரிக் பர்ஷ் இதை 1807இல் இந்த ஒனொண்டாகா வட்டாரத்தில்தான் கண்டார். அமெரிக்க அரசு 1989இல் இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான தாவரங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்நாட்டில் எஞ்சியிருக்கும் இச்செடிகளில் மிகப் பெரும்பகுதி இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே உள்ளது. ஆகவே இதைத் தேடிப் பாதையை விட்டு இறங்காதீர்கள். சரிவின் மெல்லிய மண்ணில் ஒரு கால் வைத்தாலே இளஞ்செடிகள் நசுங்கிவிடும். இயற்கை மையம் திறந்திருந்தால், இதை எப்படி அடையாளம் காண்பது என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். அது எங்கே வளர்கிறது என்று படத்தோடு இணையத்தில் எழுதிவிடாதீர்கள்.

இந்த நிலம் பூங்காவாக நிலைத்ததற்கு மேரி கிளார்க் தாம்சன் காரணம். முன்னாள் ஆளுநர் மைரன் கிளார்க்கின் மகளான அவர், 1915இல் இவ்விடத்தை வாங்கித் தம் தந்தையின் நினைவாக மாநிலத்துக்குக் கொடுத்தார். 1926இல் இது மாநிலப் பூங்கா ஆனது. அதற்கெல்லாம் முன்பிருந்தே இது ஒனொண்டாகா என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் தாய்நிலம். அவர்களுடைய தேசம் இன்றும் சிரக்யூஸுக்குத் தெற்கே இருக்கிறது.

வருவதற்கு மே மாதத் தொடக்கம் மிகவும் ஏற்றது. மரங்கள் தழைத்து நிழல் மூடுவதற்குள் டிரில்லியம் வெண்பூக்கள் தரையெங்கும் மலர்ந்துவிடும். அக்டோபர் நடுவில் மேப்பிள் மரங்கள் நிறம் மாறும்போது கூட்டம் இருக்கும், ஆயினும் காலை வேளையில் இடம் கிடைக்கும். ஆண்டுக்குச் சராசரியாக 3 மீட்டருக்கும் மேல் பனி கொட்டும் வட்டாரம் என்பதால், குளிர்காலத்தில் பாறை விளிம்பையும் படிகளையும் நெருங்காமல் இருப்பதே அறிவு.

வெப்பமான மாதங்களில் முழுக்கால் சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணிகள் புற்களில் காத்திருக்கும். மூன்று இலைகளாகப் பிரிந்த பாய்சன் ஐவி கொடியைத் தொட்டால் தோல் வெந்ததுபோல் கொப்புளிக்கும்.

திரும்புவதற்கு முன் வண்டி அருகே நின்று, உண்ணி ஏறியிருக்கிறதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே காலணியையும் சட்டையையும் நன்றாகத் தட்டுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த சுவாலோவொர்ட் என்னும் கொடி இங்கே காடாக மண்டி, மான் நாக்குப் பெரணியின் இடத்தை நெருக்கி வருகிறது. நமது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி அது. எருக்கம்பஞ்சு போலவே வெண்பட்டு இழையோடு அதன் விதை பறந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியிருப்பதைக் கண்டால், அங்கேயே உதறிவிடாமல் ஒரு சிறு பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேருங்கள்.