வளைகுடாவில் இருந்துகொண்டு ஊர்ச் சேனல்கள்: மொட்டைமாடியில் ஆறடி டிஷ் வைக்கும் முறை

துபாய், தோஹா, குவைத், மஸ்கட் என்று வளைகுடாவில் எங்கே இருந்தாலும் தமிழ்ச் சேனல் பார்க்க இப்போது எல்லோரும் சொல்லும் வழி இணையம்தான். ஏதாவது ஆப் போடு, மாதாமாதம் பணம் கட்டு என்பார்கள். ஆனால் வீட்டில் வயதான அப்பா அம்மா வந்து தங்கியிருந்தால், அவர்கள் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் செய்தி வர வேண்டும், அவ்வளவுதான், அதற்கு மேல் பாஸ்வேர்டு, அப்டேட் என்று அவர்களைப் படுத்தக் கூடாது. ஒரே அறையில் எட்டுப் பத்துப் பேர் ஒரு வைஃபையைப் பங்குபோட்டுக்கொள்ளும் இடங்களிலும் அப்படித்தான், எல்லோரும் ஊருக்கு வீடியோ கால் போடும் ராத்திரி நேரத்தில் டிவி சுற்றிக்கொண்டே நிற்கும். இவர்களுக்கெல்லாம் டிஷ் இன்னும் நல்ல வழி என்று உறுதியாகச் சொல்வேன். ஒருமுறை செலவு, அப்புறம் மாதக் கட்டணமே இல்லை.

முதலில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதில் தெளிவாக இருங்கள். சன், விஜய், ஜீ தமிழ் போன்றவை கட்டணச் சேனல்கள், செயற்கைக்கோளில் பூட்டித்தான் வருகின்றன. புதிய தலைமுறை, தந்தி, பாலிமர் செய்திகள் போன்றவை இந்தியாவில் இலவசச் சேனல் வகை, அந்த வகையில் நிறைய இருக்கின்றன. பூட்டிய சேனலையும் திறந்துதருவேன் என்று சில கடைகளில் பெட்டி விற்பார்கள், அதை வாங்காதீர்கள். சட்டப்படி குற்றம், வளைகுடா நாடுகளில் அதன் விளைவு சின்னதாக இருக்காது, அதோடு சாவி மாறிய அன்றைக்குப் பெட்டி சும்மா கிடக்கும். ஊரிலிருந்து டிடிஎச் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதும் வேண்டாம். அந்தச் சேவைகளுக்கு இந்தியாவுக்குள் மட்டுமே உரிமம் இருக்கிறது, அவற்றின் கேயூ-பேண்ட் (வீட்டுச் சின்ன டிஷ்ஷுக்கான அலைவரிசை) கதிரும் இந்தியாவை நோக்கித்தான் குவிக்கப்பட்டிருக்கிறது.

நமக்கு வேண்டியது சி-பேண்ட். இது இந்தியாவிலுள்ள கேபிள்காரர்களுக்குச் சேனலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அலைவரிசை, கதிர் அகலமானது, வளைகுடாவையும் தாராளமாகத் தொடும். தென்னிந்தியச் சேனல்கள் அதிகமாக இருப்பது கிழக்கு 66 டிகிரி தீர்க்கரேகைக்கு நேர் மேலே நிற்கும் இன்டெல்சாட் 17 செயற்கைக்கோள். 2010 நவம்பரில் ஏவினார்கள். பக்கத்திலேயே 68.5 டிகிரியில் இன்டெல்சாட் 20 இருக்கிறது, அதிலும் இந்தியச் சேனல்கள் உண்டு. எந்தச் சேனல் இன்று எதில், எந்த அலைவரிசையில் இருக்கிறது என்பதை லிங்சாட் (LyngSat) என்ற இணையதளத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் சேனல்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வருஷத்துக்கு முன்னால் நண்பர் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு மாடியில் வெயிலில் நின்று தேடுவதைப் போல வீண் வேலை வேறில்லை.

அடுத்தது அனுமதி. இதைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டட உரிமையாளரிடமும் வாட்ச்மேனிடமும் பேசி, மாடியில் வைக்கலாம் என்று வாங்கிக்கொண்ட பிறகுதான் பணம் செலவழிக்க வேண்டும். அபுதாபி போன்ற நகரங்களில் பால்கனியிலும் சுவரிலும் டிஷ் தொங்கவிடுவதற்குப் பலதியா, அதாவது நகராட்சி, கட்டுப்பாடு வைத்திருக்கிறது, அபராதமும் உண்டு. ஆறடி டிஷ் பால்கனியில் அடங்காது என்பது ஒருபக்கம் இருக்கட்டும், அது அங்கே இருக்கவும் கூடாது, காற்றடித்தால் கீழே போகிறவர் தலையில் விழும்.

டிஷ் அளவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். ஆறடி, அதாவது 1.8 மீட்டர், வளைகுடாவில் 66 டிகிரிக்குக் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டடி வைக்க இடம் இருந்தால் எட்டடியே வையுங்கள். பெரிய டிஷ் அதிக சிக்னலைப் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் இன்னொரு காரணம் இருக்கிறது. சி-பேண்ட் அலையின் நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர், அதனால் ஆறடி டிஷ்ஷின் பார்வை ஏறக்குறைய 3 டிகிரி அகலம் இருக்கும். 66க்கும் 68.5க்கும் இடைவெளி வெறும் இரண்டரை டிகிரி. கொஞ்சம் தள்ளி நின்றாலும் பக்கத்துச் செயற்கைக்கோள் உள்ளே நுழைந்து தரத்தைக் கெடுத்துவிடும். எட்டடி டிஷ்ஷின் பார்வை இரண்டு டிகிரி சொச்சம்தான், அதனால் பக்கத்துத் தொந்தரவு நன்றாகவே குறையும். மூன்று நாலடி டிஷ்ஷில் முயற்சி செய்து பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

வலை டிஷ்ஷா, முழுத் தகடா? சி-பேண்டுக்கு வலையே போதும், ஓட்டை அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருப்பதால் அலைக்கு அது ஓட்டையாகவே தெரியாது. காற்றுக்கும் வலைதான் நல்லது, ஷமால் காற்று வீசும் நாட்களில் தகட்டு டிஷ்ஷின் மேல் விழும் சுமை பயங்கரமானது. பழைய டிஷ் மலிவாகக் கிடைக்கும், வாங்கலாம், ஆனால் விளிம்பிலிருந்து விளிம்புக்குக் குறுக்காக இரண்டு நூல் கட்டிப் பாருங்கள். நடுவில் இரண்டு நூலும் லேசாக உரசிக்கொண்டு நிற்க வேண்டும். இடைவெளி விழுந்தாலோ ஒன்றை ஒன்று அழுத்தினாலோ டிஷ் கோணியிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

இதோடு ஒரு சி-பேண்ட் எல்என்பி (டிஷ் குவிக்கும் அலையைப் பிடித்துக் கேபிளில் இறக்கும் கருவி), டிவிபி-எஸ்2 வகை எச்டி ரிசீவர், செம்புக் கம்பி உள்ள ஆர்ஜி-6 கேபிள், எஃப் கனெக்டர்கள், தண்ணீர் புகாத ரப்பர் டேப், துருப்பிடிக்காத போல்ட் நட்டு. கேபிள் 30 மீட்டருக்குள் முடிந்தால் நல்லது.

மாடித் தரையில் துளை போடாதீர்கள், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கெட்டுப்போனால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் வரும். இரும்புச் சட்டம் ஒன்று அடித்து, அதன் கால்களில் கான்கிரீட் கட்டைகளை ஏற்றி, நடுவில் கம்பத்தை நிறுத்துவதே முறை. அந்தக் கம்பம் செங்குத்தாக இருக்க வேண்டும், இதற்கு மட்டும் அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. ரசமட்டத்தை ஒரு பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே கால்வட்டம் தள்ளி இன்னொரு பக்கமும் வைத்துப் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷை இடம் வலமாகத் திருப்பும்போது உயரக் கோணமும் (தரைமட்டத்திலிருந்து டிஷ் எவ்வளவு மேலே பார்க்கிறது என்பது) சேர்ந்து மாறும், அப்புறம் எத்தனை தேடினாலும் பிடிபடாது.

இனி திசை. 66 டிகிரிக்கு, வடக்கிலிருந்து கிழக்காகச் சுற்றி அளந்தால், துபாயில் திசைக்கோணம் 156 டிகிரி, உயரக் கோணம் 58. தோஹாவில் 149, 56. மஸ்கட்டில் 162, 61. குவைத்தில் 146, 50. ரியாத்தில் 140, 54. எல்லாமே தெற்குக்கும் தென்கிழக்குக்கும் பக்கம்தான், அந்தப் பக்கம் உயரமான கட்டடம் மறைக்காமல் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

போனிலுள்ள திசைகாட்டியை இரும்புச் சட்டத்தின் பக்கத்தில் வைத்தால் பத்து இருபது டிகிரி தப்பாகக் காட்டும். அதைவிட நல்ல வழி சூரியன். உங்கள் ஊரில் சூரியன் 156 டிகிரிக்கு, அல்லது உங்கள் ஊருக்கான கோணத்துக்கு, எத்தனை மணிக்கு வருகிறது என்று சூரியன் இருக்கும் இடம் காட்டும் ஆப் ஏதாவது ஒன்றில் பாருங்கள். சரியாக அந்த நிமிடத்தில் தூக்குக்குண்டு நூலின் நிழலைத் தரையில் கோடாகப் போட்டுவிடுங்கள், அந்தக் கோடுதான் உங்கள் திசை, நிழல் விழும் பக்கத்துக்கு நேர் எதிராகச் சூரியன் இருந்த பக்கம் டிஷ் பார்க்க வேண்டும். இதைக் குளிர்காலத்தில் செய்வது சுலபம். ஜூன் மாதத்தில் சூரியன் கிட்டத்தட்ட உச்சிக்கே வந்துவிடுவதால் நண்பகல் நிழல் குட்டையாகி, நிமிஷத்துக்கு நிமிஷம் திரும்பிக்கொண்டே இருக்கும், தப்பு வர வாய்ப்பு அதிகம். எப்படியும் அந்த வெயிலில் மாடியில் வேலை பார்க்கக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெளிவேலைக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

உயரக் கோணத்துக்கு, நேரான ஒரு கட்டையை டிஷ்ஷின் வாயில் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை வைத்து, அதன்மேல் போனை வைத்துச் சாய்வு பாருங்கள். கட்டை தரைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதை 90லிருந்து கழித்தால் வருவது உயரக் கோணம். துபாய் என்றால் கட்டை 32 டிகிரி காட்ட வேண்டும்.

எல்என்பி குவியத்தில் நிற்க வேண்டும். டிஷ்ஷின் விட்டத்தைச் சென்டிமீட்டரில் அளந்து அதை அதனாலேயே பெருக்கி, டிஷ்ஷின் ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுங்கள். விட்டம் 180, ஆழம் 30 என்றால் 32400ஐ 480ஆல் வகுத்து 67.5 செமீ. டிஷ்ஷின் அடிநடுவிலிருந்து எல்என்பியின் வாய் அந்தத் தூரத்தில் இருக்க வேண்டும். இந்த 67.5ஐ 180ஆல் வகுத்தால் 0.375. எல்என்பியின் கழுத்தில் 0.36, 0.38 என்று கோடுகள் இருக்கும், கழுத்தைச் சுற்றி மாட்டும் உலோக வளையத்தை 0.38 கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் எல்என்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். செயற்கைக்கோள் அலையைப் படுக்கையாகவும் செங்குத்தாகவும் இரண்டு விதமாக அனுப்புகிறது, செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கில் இல்லாததால் அதன் படுக்கை அலை நம் கண்ணுக்குச் சாய்ந்துதான் வரும். டிஷ்ஷின் பின்னால் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மஸ்கட்டில் 17 டிகிரி, துபாயில் 21, தோஹாவில் 28, குவைத்தில் 29, ரியாத்தில் 36. இது ஆரம்ப நிலை மட்டும்தான், கடைசியில் சிக்னல் பார்த்துத்தான் நிறுத்துவோம்.

ரிசீவரில் எல்என்பி வகையை சி-பேண்ட், 5150 என்று மாற்றுங்கள். பெரும்பாலான பெட்டிகள் கேயூ-பேண்டின் 9750, 10600 அமைப்போடுதான் வரும், அதை மாற்றாமல் விட்டால் ஒன்றுமே வராது. 5150லிருந்து சேனலின் அலைவரிசையைக் கழித்து வருவதுதான் கேபிளில் இறங்குகிறது, 3900 மெகாஹெர்ட்ஸ் சேனல் 1250ஆக இறங்கும். எல்என்பி மின்சாரத்தை ஆன் செய்யுங்கள், 13 வோல்ட் செங்குத்து அலைக்கு, 18 வோல்ட் படுக்கை அலைக்கு. கனெக்டர் மாட்டும்போதும் கழற்றும்போதும் ரிசீவர் அணைந்திருக்க வேண்டும், வெளிவலையின் ஒரு மெல்லிய இழை நடுக்கம்பியைத் தொட்டாலே ஷார்ட் ஆகும்.

இப்போது வேட்டை. சின்ன டிவியையும் ரிசீவரையும் மாடிக்கே கொண்டுபோங்கள், கீழே ஒருவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று போனில் சொல்வது வேலைக்கு ஆகாது. லிங்சாட்டில் எழுதிய வலுவான ஒரு அலைவரிசையைப் போட்டு, சிக்னல் திரையைத் திறந்து வையுங்கள். இரண்டு பட்டை இருக்கும், வலு ஒன்று, தரம் ஒன்று. வலுவைப் பார்க்காதீர்கள், எல்என்பிக்கு மின்சாரம் போனாலே அது ஏறிவிடும். தரம் அசைந்தால்தான் அர்த்தம். டிஷ்ஷைக் கிழக்கு மேற்காக விரல் அகலம் நகர்த்தி, இரண்டு மூன்று விநாடி நின்று, மறுபடி நகர்த்துங்கள், ரிசீவருக்கு அந்த நேரம் வேண்டும். ஒரு சுற்றில் கிடைக்கவில்லையென்றால் உயரத்தை ஒரு டிகிரி மாற்றி இன்னொரு சுற்று. தரம் எழுந்ததும் உடனே சேனல் தேடி, பெயர்கள் 66 பட்டியலோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், 68.5இல் நின்றுவிடுவது சாதாரணமாக நடக்கும். பொருந்தினால் திசை, உயரம், எல்என்பி திருப்பம், எல்என்பியின் முன்பின் தூரம் என்று ஒவ்வொன்றாக உச்சத்துக்குக் கொண்டுவந்து போல்ட்டை மாற்றி மாற்றி இறுக்குங்கள், ஒரே பக்கம் இறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் சில அலைவரிசைகள் மட்டும் உடைந்து உடைந்து வந்தால் 5ஜி கோபுரத்தைச் சந்தேகப்படுங்கள். வளைகுடாவில் 5ஜி பெரும்பாலும் 3.3 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஓடுகிறது, நம் எல்என்பியோ 3.4இலிருந்தே கேட்கிறது. 3.7இலிருந்து 4.2 வரை மட்டும் விடும் வடிகட்டியை, முன்குழல் (ஃபீட்ஹார்ன்) தனியாகக் கழலும் எல்என்பி என்றால், இரண்டுக்கும் நடுவில் மாட்டலாம், அல்லது வடிகட்டி உள்ளேயே இருக்கும் எல்என்பி வாங்கலாம். முடிந்தால் லிஃப்ட் அறைச் சுவர் கோபுரத்தை மறைக்கும்படி டிஷ்ஷுக்கு இடம் பாருங்கள், பல நேரம் வடிகட்டியைவிட அதுவே நன்றாக வேலை செய்யும்.

கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் புழுக்கமும் கனெக்டரைச் சீக்கிரம் தின்றுவிடும், அதனால் மாட்டிய அன்றே ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிளை எல்என்பிக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சி-பேண்டுக்கு மழையால் பெரிய தொல்லை கிடையாது. ஆனால் மார்ச் 10ஐ ஒட்டியும் அக்டோபர் 4ஐ ஒட்டியும் சில நாட்கள், நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால், படம் சில நிமிடங்கள் போய்விடும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால் அப்படி, எதையும் கழற்றித் திருப்பிவிடாதீர்கள். அந்த நிமிடத்தில் மாடிக்குப் போனால் எல்என்பியின் நிழல் டிஷ்ஷின் நட்டநடுவில் விழ வேண்டும், ஒரு பக்கமாக விழுந்தால் எந்தப் பக்கம் எவ்வளவு திருத்த வேண்டும் என்பது அந்த நிழலிலேயே தெரிந்துவிடும்.