முதல் உலகப் போரைப் படிப்பது எப்படி: காரணங்களும் திருப்புமுனைகளும்

முதல் உலகப் போர் ஏன் மூண்டது என்று கேட்டால், இராணுவவாதம், கூட்டணிகள், ஏகாதிபத்தியம், தேசியவாதம், முடிவில் சரயேவோவில் ஒரு துப்பாக்கிச் சூடு என்று பலரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். இந்தப் பட்டியலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஆஸ்திரிய-ஹங்கேரி போஸ்னியாவை இணைத்துக்கொண்ட 1908-இலும், மொராக்கோவை முன்னிட்டு ஜெர்மனியும் பிரான்சும் முறைத்துக்கொண்ட 1911-இலும், பால்கன் நாடுகள் போரில் இறங்கிய 1912-இலும் இந்த நான்கும் இருந்தன. அப்போதெல்லாம் வராத பெரும்போர் 1914-இல் ஏன் வந்தது என்பதற்குப் பட்டியல் விடை தராது. ஆகவே இந்தப் போரைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: போர் எதனால் சாத்தியமாயிற்று, அது ஏன் அந்தக் கோடையில் வந்தது, பால்கனோடு நிற்காமல் ஏன் ஐரோப்பா முழுவதையும் பற்றிக்கொண்டது. ஒன்றுக்கான விடையை மற்றொன்றுக்கு எழுதுவதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது.

முதல் கேள்விக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. 1879-இல் ஜெர்மனியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் உடன்படிக்கை செய்துகொண்டன. 1882-இல் இத்தாலி அவற்றோடு சேர்ந்தது. 1894-க்குள் பிரான்சும் ரஷ்யாவும் கைகோத்தன. 1904-இலும் 1907-இலும் பிரிட்டன் முறையே அவ்விருவரோடும் தன் பிணக்குகளைத் தீர்த்துக்கொண்டது. இவற்றைக் குறித்துக்கொள்ளும்போதே இன்னொன்றையும் அருகில் எழுதுங்கள்: கூட்டணியில் இருந்த இத்தாலி 1914-இல் ஒதுங்கி நின்று, 1915 மே மாதம் எதிரணியில் சேர்ந்து போரிட்டது, பிரான்சுக்காகப் போரிட வேண்டும் என்று பிரிட்டனைக் கட்டாயப்படுத்தும் உடன்படிக்கை எதுவும் இருக்கவில்லை. கூட்டணிகள் நாடுகளைத் தாமாகவே போருக்குள் இழுத்துவிட்டன என்ற கூற்றை ஏற்பதற்கு முன் இந்த இரண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் உழைப்பு தேவை. ஒரு பெரிய தாளை எடுத்து, வியன்னா, பெல்கிரேட், பெர்லின், பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன் என்று ஆறு பத்திகள் வரையுங்கள். இடப்புறம் 1914 ஜூன் 28 முதல் ஆகஸ்ட் 4 வரையான நாள்களை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தலைநகரம் அன்று அறிந்திருந்ததை மட்டும் நிரப்புங்கள். பின்னால் நடந்தது நமக்குத் தெரியும் என்பதற்காக அதை முன்கூட்டியே எழுதிவிடக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தால் போதும், பாடநூல்களில் ஒரே வரியில் முடிந்துவிடும் அந்த ஐந்து வாரங்கள் வேறு முகம் காட்டும்.

ஆஸ்திரிய-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவருடைய மனைவி சோஃபியும் சரயேவோவில் கொல்லப்பட்டது ஜூன் 28. செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை சென்றதோ ஜூலை 23. இடையில் ஏன் இத்தனை நாள் என்று வியன்னாவின் பத்தியைக் கேளுங்கள். ஹங்கேரியப் பிரதமர் டிஸா தொடக்கத்தில் போரை எதிர்த்தார்; படைவீரர்களில் பலர் அறுவடை விடுப்பில் இருந்தனர்; பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் போன்கரே ரஷ்யாவுக்கு அரசுப் பயணமாக வந்திருந்ததால், அவர் திரும்பக் கப்பலேறும் வேளை வரை காத்திருந்து எச்சரிக்கையைக் கொடுக்க வியன்னா முடிவு செய்தது. நேச நாடுகள் இரண்டும் நேருக்கு நேர் கலந்து பேசிவிடக் கூடாது என்பதே நோக்கம். வெறும் உணர்ச்சிக் கொந்தளிப்பில் போர் வெடித்தது என்ற எண்ணம் இந்த ஒரு கட்டத்திலேயே நிற்க முடியாமல் போகிறது. லண்டனின் பத்தியோ ஜூலை 24 வரை அயர்லாந்துச் சிக்கலால் நிரம்பியிருக்கும். பாரிஸில் முன்னாள் பிரதமர் ஒருவரின் மனைவி மீதான கொலை வழக்கு செய்தித்தாள்களின் பக்கங்களை நிறைத்துக்கொண்டிருந்தது. ஆபத்து நெருங்கியபோது பல கண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன என்பதும் ஒரு காரணமே. பட்டியல்களில் அதற்கு இடமில்லை.

பெர்லினின் பத்தியில் இரண்டு நாள்களை அடிக்கோடிடுங்கள். ஜூலை 5, 6 தேதிகளில் ஜெர்மானியப் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்மும் தலைமை அமைச்சர் பெத்மன் ஹோல்வேக்கும் ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையற்ற ஆதரவை அளித்தார்கள். உடனே கைசர் நார்வே கடற்பயணத்துக்குப் புறப்பட்டுவிட்டார். ஜூலை 28 காலை, திரும்பிவந்திருந்த அவர், செர்பியாவின் பணிவான பதிலைப் படித்துவிட்டு, இனிப் போருக்கு எந்தக் காரணமும் இல்லை என்ற பொருளில் குறிப்பெழுதினார். அதே நாளில்தான் ஆஸ்திரிய-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது. ஒரே தேதிக்குரிய இந்த இரண்டு கட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, ஜூலை மாதத் தொடக்கத்தில் கொடுத்த வாக்குறுதியைத் திரும்பப் பெற மாத இறுதியில் யாருக்கும் நேரமில்லாமல் போனது தெளிவாகும்.

மூன்றாவது கேள்வி, அதாவது போர் ஏன் பரவியது என்பது, படைதிரட்டலின் இயக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் விளங்காது. ஜார் இரண்டாம் நிக்கோலஸ் ஜூலை 29 மாலை முழுப் படைதிரட்டலை நிறுத்தி வைத்து, மறுநாளே மீண்டும் ஆணையிட்டார். ரஷ்யா திரட்டி முடிப்பதற்குள் பிரான்சை வீழ்த்திவிட வேண்டும் என்பது ஜெர்மனியின் திட்டம். ஆகஸ்ட் 1 அன்று, பிரிட்டனும் பிரான்சும் ஒதுங்கி நிற்கலாம் என்று தவறாகப் புரிந்துகொண்ட ஒரு செய்தியை நம்பி, படையைக் கிழக்கே திருப்பச் சொன்னார் கைசர். முடியாது என்றார் படைத்தலைவர் மோல்ட்கே. கிழக்கை மட்டும் நோக்கிய மாற்றுத் திட்டத்தைப் படைத்தலைமை 1913-இலேயே கைவிட்டிருந்தது. மேற்கே செல்லும் வழி பெல்ஜியத்தின் ஊடே சென்றது. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839-ஆம் ஆண்டு உடன்படிக்கை உறுதி அளித்திருந்தது. அதை முன்னிறுத்தி ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. ஒரு பால்கன் பூசல் லண்டன் வரை எட்டிய பாதையை இரயில் கால அட்டவணைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பொறுப்பு யாருடையது என்ற விவாதத்தைத் தாளை நிரப்பி முடித்த பிறகே தொடுங்கள். போர் தொடங்கியவுடன் ஒவ்வோர் அரசும் தன்னை நியாயப்படுத்தும் ஆவணத் தொகுப்புகளை வெளியிட்டது; பிரான்சு வெளியிட்ட மஞ்சள் நூலில் தந்திகள் சில திருத்தப்பட்டிருந்தது பின்னர் வெளிப்பட்டது. 1919-இல் வெர்சாய் உடன்படிக்கையின் 231-ஆவது பிரிவு பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் சுமத்தியது. 1961-இல் ஜெர்மானிய வரலாற்றாசிரியரான ஃபிரிட்ஸ் பிஷர், ஆவணக் காப்பகச் சான்றுகளைக் கொண்டு ஜெர்மனியின் போர் நோக்கங்களை விரிவாக எடுத்துக்காட்டியபோது அவருடைய நாட்டிலேயே பெரும் வாக்குவாதம் எழுந்தது. எந்த வரலாற்றாசிரியரைப் படித்தாலும் அவர் உங்கள் தாளின் எந்தப் பத்தியில் அதிகம் நிற்கிறார், எதைக் காலியாக விடுகிறார் என்று பாருங்கள். என் கணிப்பில் வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் பங்கு கூடுதல். ஆனால் மற்ற நான்கு பத்திகளை அழித்துவிட்டு அந்த முடிவுக்கு வருவது முறையாகாது.

இனித் திருப்புமுனைகள். பெரிய சண்டை, பெரும் உயிரிழப்பு, புகழ்பெற்ற நாள் ஆகிய மூன்றில் எதுவுமே ஒரு நிகழ்வைத் திருப்புமுனை ஆக்கிவிடாது. அதற்கு முன் எந்த வழி திறந்திருந்தது, அதற்குப் பின் எது மூடிக்கொண்டது என்பதே அளவுகோல். 1914 செப்டம்பரில் நடந்த மார்ன் சண்டை இதில் தேறுகிறது. ஜெர்மனியின் முதலாம், இரண்டாம் படைகளுக்கு நடுவே விழுந்த இடைவெளியில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் நுழைய, ஜெர்மானியர் பின்வாங்கினர். ஆறு வாரங்களில் பிரான்சை முடித்துவிடும் வழி அத்தோடு அடைபட்டது. ஆண்டு முடிவதற்குள் பதுங்குகுழிகள் சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வடகடல் வரை நீண்டன. பாரிஸ் டாக்ஸிகள் படைவீரர்களைச் சுமந்து சென்ற கதை உண்மைதான். ஆயினும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மோதிய களத்தில் அவை கொண்டுசேர்த்தது சில ஆயிரம் பேரை மட்டுமே. சுவையான செய்தியையும் தீர்மானித்த செய்தியையும் பிரித்து எழுதப் பழக இது நல்ல இடம்.

மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டிய நாள் 1917 ஜனவரி 9. அன்று சண்டை எதுவும் நடக்கவில்லை; பிளெஸ் நகரில் ஜெர்மானியத் தலைவர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களைக் கொண்டு மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்தே மாதத்தில் பிரிட்டன் பணிந்துவிடும், அமெரிக்க உதவி வந்துசேர்வதற்குள் போர் முடிந்துவிடும் என்று கடற்படைத் தலைவர் ஹோல்ட்சன்டார்ஃப் கணக்குக் காட்டியிருந்தார். நெடுநாள் எதிர்த்துவந்த பெத்மன் ஹோல்வேக் அன்று இணங்கினார். பிப்ரவரி 1 முதல் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு எல்லாக் கட்டுப்பாடும் நீங்கியது. ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போர் அறிவித்தது. அந்த ஏப்ரலில் மூழ்கிய கப்பல்கள் 8 லட்சம் டன்னைத் தாண்டின. அதாவது கணக்கின் முதல் பாதி பலித்தது. ஆனால் மே முதல் பிரிட்டன் வணிகக் கப்பல்களைக் கூட்டமாகத் திரட்டிப் போர்க்கப்பல் காவலுடன் அனுப்பத் தொடங்கியதும் இழப்பு குறையலாயிற்று, பிரிட்டன் பணியவில்லை. இந்தக் கட்டத்திலும் தாளின் விதியை மறக்காதீர்கள்: மார்ச்சில் ஜார் வீழ்வார், ரஷ்யாவின் போர்வலிமை சரியும் என்பதை ஜனவரியில் கூடியவர்கள் அறிந்திருக்கவில்லை.

சில நடைமுறை எச்சரிக்கைகளும் உண்டு. 1,198 பேர் மாண்ட லுசிட்டானியா மூழ்கியது 1915 மே 7. அமெரிக்கா போரில் இறங்கியதற்கு அதை நேரடிக் காரணமாக எழுதிவிடாதீர்கள், இடையில் 23 மாதங்கள் இருக்கின்றன. சோம் சண்டையின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் படை இழந்த 57,470 பேரும் இறந்தவர்கள் அல்லர்; இறந்தவர்கள் 19,240, எஞ்சியோரில் பெரும்பாலோர் காயமுற்றவர்கள். ரஷ்யாவில் அப்போது வழங்கிய நாள்காட்டி 13 நாள் பின்தங்கியிருந்ததால், பிப்ரவரிப் புரட்சியை மார்ச் மாதக் கட்டத்தில்தான் எழுத வேண்டும்.

போரின் முடிவுக்கு இன்னொரு தாள் தேவைப்படும். 1918 மார்ச் 21 அன்று ஜெர்மனி தொடங்கிய பெருந்தாக்குதலிலிருந்து தொடங்குங்கள். ஜூலையில் இரண்டாம் மார்ன் சண்டை, ஆகஸ்ட் 8 அன்று அமியான் சண்டை என்று நிரப்பிச் செல்லுங்கள். மாதம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் வந்திறங்கியதை ஒரு தனிப் பத்தியில் குறியுங்கள். செப்டம்பர் 29-க்கு வரும்போது நிறுத்தி எழுதுங்கள்: பல்கேரியா போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட அந்த நாளில், உடனே போர்நிறுத்தம் கேட்டாக வேண்டும் என்று கைசரிடம் சொன்னவர்கள் ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும் ஆவர், படையை நடத்திய அதே தளபதிகள். நவம்பர் 11 அன்று கையெழுத்திட்ட ஜெர்மானியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரோ படைத்தலைவர் அல்லர். எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. தாளின் கடைசி வரியாக 1919 நவம்பரைச் சேருங்கள்: அப்போது நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் தோன்றிய ஹிண்டன்பர்க், ஜெர்மானியப் படை முதுகில் குத்தப்பட்டது, அதாவது உள்நாட்டினரால் காட்டிக்கொடுக்கப்பட்டது, என்று கூறினார். அந்தக் கூற்றுக்கு நேராகச் செப்டம்பர் 29-இன் கட்டத்திலிருந்து ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.