கோல்ஃப் ஸ்கோர்கார்டுக்கு ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் போடுவது எப்படி? கல்குலேட்டரும் ஒரு தாளும் போதும்

மட்டக்களப்பிலிருந்து வான் பிடித்து சீனக்குடா விமானப்படைத் திடலுக்கு விளையாடப் போகிறவர்களும், கட்டார், டுபாயில் பழகிவிட்டு ஊருக்கு வந்தவர்களும் கார்டைக் கையில் எடுத்ததும் கேட்பது ஒன்றுதான்: ஆக நீளமான ஹோலுக்கு ஏன் இன்டெக்ஸ் 1 இல்லை? (ஹேண்டிகேப்பில் கிடைக்கும் சலுகை அடிகள், அதாவது ஸ்ட்ரோக்குகள், எந்த ஹோலில் முதலில் சேரும் என்று 1 முதல் 18 வரை போடும் வரிசை எண்தான் ஸ்ட்ரோக் இன்டெக்ஸ்.) நீங்களே ஒரு கார்டுக்கு இன்டெக்ஸ் போட்டுப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். பார், போகி, ஹேண்டிகேப் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

இங்கே சொல்வது 2020 இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையின் பரிந்துரையைத் தழுவியது. இது பரிந்துரை மட்டுமே, முடிவு அந்தந்தக் கிளப்பின் கமிட்டியுடையது. அதனால் எல்லாக் கார்டும் இதே மாதிரி இருக்காது.

படி 1: நீளத்தை அளத்தல்

டீயின் நிரந்தர அடையாளக் கல்லிலிருந்து கிரீனின் நடு வரைக்கும், பந்தை அடித்துப் போகும் பாதையிலேயே அளக்க வேண்டும். வளைந்து போகும் ஹோலுக்கு கூகுள் எர்த்தில் நேர்கோடு இழுத்தால் 30, 40 யார் (கஜம்) குறைந்துவிடும். வளைவில் ஒரு புள்ளி வைத்து இரண்டு துண்டாக அளந்துகொள்ளுங்கள். லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் நல்லதுதான், ஆனால் தென்னை மறைத்தால் தூரத்துக்குப் பதில் மரத்தை அளந்து காட்டும். சில்லு உருட்டி அளக்கும் கருவிதான் என் தெரிவு.

படி 2: பாரோடு ஒப்பிட்ட கடினம்

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். கடினம் என்றால் எத்தனை அடி போகும் என்பதல்ல, பாரை விட எவ்வளவு கூடப் போகும் என்பது. அதையும் ஸ்க்ராட்ச் ஆட்டக்காரர் (ஹேண்டிகேப் 0 உள்ளவர்), போகி ஆட்டக்காரர் (ஹோலுக்கு ஏறக்குறைய ஒரு அடி கூட எடுக்கும் சாதாரண ஆட்டக்காரர்) இருவருக்கும் தனித்தனியே பார்த்துக் கூட்ட வேண்டும். கோர்ஸ் ரேட்டிங் (திடலின் கடினத்தை மதிப்பிடுவது) செய்த திடலில் ஒவ்வொரு ஹோலுக்கும் இந்தத் தரவு இருக்கும். இல்லாவிட்டால், ஆண்களுக்கான ரேட்டிங் சூத்திரத்தில் ஸ்க்ராட்சுக்கு நீளம் ÷ 220 + 40.9, போகிக்கு நீளம் ÷ 160 + 50.7. இவை 18 ஹோலுக்கும் சேர்த்தவை. ஒரு ஹோலுக்குப் பங்கிட்டுக் கூட்டினால் கிட்டத்தட்ட இப்படி வரும்:

யார் × 0.0108 + 5.09 − (பார் × 2)

500 யார் பார் 5க்கு 0.49. 400 யார் பார் 4க்கு 1.41. 210 யார் பார் 3க்கு 1.36. நூறு யார் நீளமாயிருந்தும் பார் 5 பின்னுக்குப் போய்விட்டது பார்த்தீர்களா? அங்கே பார் 5 என்ற சலுகையிலேயே ஒரு அடி ஏற்கனவே கிடைத்துவிடுகிறது.

இது நீளத்தை மட்டும் வைத்த கணக்கு. தண்ணீர், பங்கர், மரம், கிரீனின் சரிவு எல்லாம் பார்த்துக் கொஞ்சம் ஏற்றி இறக்க வேண்டும். கிளப்பில் நன்றாக ஆடும் நாலு பேரின் அபிப்பிராயத்தை மட்டும் கேட்டு ஏற்றாதீர்கள், போகி ஆட்டக்காரர் எங்கே திணறுகிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

படி 3: ஒற்றை, இரட்டை

முன் ஒன்பதுக்கு 1, 3, 5 என்று ஒற்றை எண்கள், பின் ஒன்பதுக்கு இரட்டை எண்கள். பின் ஒன்பது தெளிவாகவே கடினமென்றால் மாற்றலாம். மேட்ச் பிளேயில் (ஹோல் ஹோலாக வெற்றி பார்க்கும் ஆட்டம்) ஒருவருக்கு 8 அடி கிடைத்தால் பாதிக்கு நாலு நாலாகப் பிரிவது இதனால்தான்.

படி 4: மூன்று மூன்றாகப் பிரித்தல்

ஒரு முன் ஒன்பதை எடுப்போம். ஹோல் 1: பார் 4, 380 யார் (1.19). 2: பார் 5, 510 (0.60). 3: பார் 4, 430 (1.73). 4: பார் 3, 165 (0.87). 5: பார் 4, 405 (1.46). 6: பார் 4, 340 (0.76). 7: பார் 3, 200 (1.25). 8: பார் 5, 530 (0.81). 9: பார் 4, 415 (1.57).

வரிசைப்படி இன்டெக்ஸ் 1 ஹோல் 3க்குப் போக வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஒன்பதின் ஆகக் குறைந்த எண், நடு மூன்றில் (இங்கே 4, 5, 6) விழ வேண்டும் என்பது பரிந்துரை. பின் ஒன்பதையும் சேர்த்துப் பார்க்கையில் ஹோல் 5, பதினெட்டில் முதல் ஆறுக்குள் நின்றால் 1 அதற்குத்தான். நடு மூன்றில் அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள 3 அல்லது 7க்குப் போகலாம்.

ஆக: ஹோல் 5 → 1, 3 → 3, 9 → 5, 7 → 7, 1 → 9, 4 → 11, 8 → 13, 6 → 15, 2 → 17.

ஏன் நடுவில்? முதல் ஹோலிலேயே 1 வைத்தால், சமநிலையாகி மறுபடி அங்கிருந்து தொடங்கும்போது அடி வாங்குகிறவருக்கு உடனே ஒரு அடி கையில் வரும். கடைசிப் பக்கம் வைத்தாலோ, ஆட்டம் அதற்கு முன்னமே முடிந்து அந்த அடி வீணாகலாம்.

படி 5: அடுத்தடுத்து வருகிறதா?

6உம் அதற்குக் குறைந்த இன்டெக்ஸ் எண்களும் பக்கத்துப் பக்கத்து ஹோல்களில் வரக்கூடாது. மேலேயுள்ளதில் ஹோல் 3, 5, 9 தள்ளியே நிற்கின்றன.

பின்சேர்க்கை: முன் ஒன்பதையும் பின் ஒன்பதையும் தனித்தனித் தாளில் செய்தவர்களுக்கு ஒரு சிக்கல். ஹோல் 9க்கு 5 கொடுத்துவிட்டு ஹோல் 10க்கு 4 கொடுத்தால் அதுவும் அடுத்தடுத்துத்தான். 18 ஐயும் ஒரே ஷீட்டில் வைத்துப் பாருங்கள். கூகுள் ஷீட்ஸ் ஃபோனிலேயே ஓடும்.

இன்னொன்று: பெண்களுக்கான கணக்கு வேறு. அவர்களுடைய டீயின் நீளத்தையும் பாரையும் வைத்து யார் × 0.0139 + 5.08 − (பார் × 2) போட்டு, தனி இன்டெக்ஸ் வரிசை எடுக்க வேண்டும்.

கச்சான் காற்றுக்கு எதிரே மேற்கு நோக்கி அடிக்கும் ஹோலை என்ன செய்வது? வருடம் முழுவதும் பெரும்பாலும் அடிக்கும் காற்றை மட்டும் கணக்கில் சேருங்கள். நாலு மாதக் கச்சானுக்காகக் கார்டை மாற்றினால் வாடைக்காற்றில் மறுபடி மாற்ற வேண்டிவரும்.