உப்புக் காற்றில் நிற்கும் குதிரை: நான்கு அடி மண்புரவி செய்யும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடியிலிருந்து தொண்டி வரை கடலோர ஊர்களில் குதிரை வளர்க்கும் வீடு அபூர்வம். ஆனால் குதிரை இல்லாத அய்யனார் கோயிலைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பிள்ளைவரம், நோய் நீங்கல், கடலுக்குப் போனவர் திரும்பி வருதல் என்று நேர்ந்துகொண்டவர்கள் வைத்த புரவிகள் அங்கே வரிசையாக நிற்கும். இரவில் அய்யனார் ஏறி எல்லையைச் சுற்றிவர அவருக்கு வாகனம் வேண்டும். அந்த வாகனத்தைச் செய்யும் உரிமையும் பொறுப்பும் பரம்பரையாக மண்பாண்டம் வனையும் வேளார்களுடையது. இந்தக் குறிப்பு கைவேலையைப் புதிதாகப் பிடிக்கும் இளைய வேளார்களுக்கும், கூட இருந்து உதவும் ஊர்க்காரர்களுக்கும்.

உள்நாட்டில் செய்யும் முறையை அப்படியே கடற்கரையில் செய்தால் குதிரை நிற்காது. காரணம் இரண்டு: உப்பும் சிப்பியும். கீழே உள்ள அளவுகள் இந்த இரண்டையும் மனதில் வைத்தே சொல்லப்பட்டவை.

முதலில் நாள் கணக்கு. புரவி எடுப்பு, அதாவது குதிரையைக் கோயிலுக்கு ஊர்வலமாகத் தூக்கிப்போகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மண் பதப்படுத்தப் பத்து நாள், வனைய பத்து நாள், காய இருபது நாள், சுட்டு ஆறவைக்க மூன்று நாள், வெள்ளையடித்து வண்ணம் தீட்ட ஐந்து நாள். ஆக, ஐம்பது நாளுக்குக் குறையாமல் கையில் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு பிடிமண் (வேலையைத் தொடங்கச் சொல்லித் தரும் ஒரு பிடி மண்) கொடுக்கும் நாள் இதற்கு முன்னால் அமைய வேண்டும். பதினைந்து நாளில் முடித்துத் தரச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவசரத்தில் சுட்ட குதிரை சூளையிலேயே வெடிக்கும். நேர்ந்தவருக்கு அது மனவேதனை, ஊருக்கு அது அபசகுனம்.

மண்

வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக் கண்மாயின் உள்வாயிலிருந்து எடுங்கள். மேல்மண்ணில் வேரும் சருகும் இருக்கும். ஓர் அடி வெட்டித் தள்ளிவிட்டு அதற்குக் கீழே உள்ள களிமண்ணை அள்ள வேண்டும். உமரிச்செடி முளைத்திருக்கும் இடத்தில் மண்வெட்டியே போடாதீர்கள், அது உவர்நிலம். சந்தேகம் இருந்தால் எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து நிழலில் காயவையுங்கள். மேலே வெள்ளையாகப் பூத்தால் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த மண்ணில் செய்த குதிரை சுட்ட பிறகும் வெள்ளை பூக்கும், மேல்தோல் செதில் செதிலாக உதிரும்.

கொஞ்சம் உப்பு இருந்தால் போக்கிவிடலாம். தொட்டியில் மண்ணைப் போட்டு அதைப்போல் இரண்டு பங்கு நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரை இறுத்துவிடுங்கள். இதை மூன்று முறை செய்தால் போதும். கடலோர ஆழ்குழாய்த் தண்ணீரில் இதைச் செய்தால் வேலை தலைகீழாகிவிடும். மழைநீரோ ஊருணித் தண்ணீரோதான் வேண்டும்.

கலக்கிய கையோடு, மண் கஞ்சிபோல் இருக்கும்போதே கொசுவலையில் வடிகட்டுங்கள். இந்தப் பக்கத்து மண்ணில் சிப்பித் துணுக்கும் சுக்கான் கல்லும் (சுண்ணாம்புக் கல்) கலந்திருக்கும். மிளகளவு துணுக்கு ஒன்று உள்ளே தங்கினாலும் போதும். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். குதிரை வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பருக்கும். நாலாம் நாளோ பத்தாம் நாளோ காசளவு சில்லு பெயர்ந்து விழும், அடியில் வெள்ளைப் புள்ளி தெரியும். "நல்லாத்தானே சுட்டோம், ஏன் பொரிஞ்சுது?" என்று பலர் சூளையைக் குறை சொல்வார்கள். குற்றம் சூளையில் இல்லை, சல்லடையில் இருக்கிறது.

கலவைக்கு ஒரே சட்டியால் அளந்து ஆறு சட்டி களிமண், இரண்டு சட்டி ஆற்று மணல், ஒரு சட்டி உமி. கடல்மணல் கூடவே கூடாது. அதில் உப்பும் சிப்பியும் சேர்ந்தே வரும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் செங்கல் தூளைச் சலித்துப் போடலாம். உமி சூளையில் எரிந்து நுண்ணிய துளைகளை விட்டுப்போகும். அந்தத் துளைகள் வழியே நீராவி வெளியேறுவதால்தான் இரண்டு சென்டிமீட்டர் கனச் சுவர் வெடிக்காமல் வேகிறது. உமி கூடிவிட்டால் குதிரை மழைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு கண்மாய் மண்ணும் ஒரு மாதிரி. ஆகவே கலவையில் ஒரு பட்டை செய்து, அதில் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கீறிக் காயவையுங்கள். காய்ந்த பிறகு கோடு 9.2 முதல் 9.4 வரை இருந்தால் சரியான மண். 9-க்குக் கீழே போனால் விரிசல் நிச்சயம், மணலைக் கூட்டுங்கள். வளைக்கும்போதே ஓரம் பிசிறினால் மணல் அதிகம். மிதித்துப் பிசைந்த மண்ணை ஈரச்சாக்கு போட்டு மூடி ஒரு வாரம் புளிக்கவிடுங்கள். நான்கு அடிக் குதிரை ஒன்றுக்கு 120 முதல் 150 கிலோ பிசைந்த மண் பிடிக்கும். பிடிமண்ணை முதல் காலுக்கான மண்ணில் சேர்ப்பது நல்லது. கடைசிவரை வைத்திருந்தால் மறந்துவிட வாய்ப்புண்டு.

வனைதல்

சுருக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் நான்கு அடிக்கு வனைந்தால் மூன்றே முக்கால் அடிக்கும் குறைவான குதிரைதான் கிடைக்கும். 48 அங்குலம் வேண்டுமென்றால் 52 அங்குலம் எழுப்புங்கள்: கால் 20, உடம்பு 12, கழுத்தும் தலையும் 20. உடம்பின் நீளம் 28 அங்குலம்.

நிற்கப்போகும் இடத்தில் முதலில் ஒரு விரற்கடை கனத்துக்குச் சாம்பலோ காய்ந்த மணலோ பரப்புங்கள். காயும்போது உடம்பு சுருங்கி நான்கு கால்களையும் உள்பக்கம் இழுக்கும். கால்கள் வழுக்கி நகர இடம் வேண்டும். வெறுந்தரையில் ஒட்டிக்கொண்டால் காலும் வயிறும் சேரும் இடத்தில் வாய் பிளந்துவிடும்.

கால்கள் உள்ளே கூடாக, ஐந்து அங்குல விட்டத்தில், இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் இருக்க வேண்டும். சக்கரத்தில் அடியில்லாக் குழாயாக இழுக்கலாம், மண்திரி (கயிறுபோல் உருட்டிய மண்) சுற்றியும் எழுப்பலாம். எழுப்பிய பிறகு இரண்டு நாள் விடுங்கள். விரலால் அமுக்கினால் பதியக் கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அதுதான் பதம். அதற்கு முன் உடம்பை ஏற்றினால் பாரம் தாங்காமல் கால் பிதுங்கும்.

வயிற்றுக்கு அடியில் முட்டுக்கொடுக்கச் செங்கல் அடுக்குவது பலர் செய்யும் தவறு. குதிரை சுருங்கி இறங்கும், செங்கல் இறங்காது. வயிறு நடுவில் கீறிவிடும். அதற்குப் பதில் மணல் மூட்டைகளை அடுக்குங்கள். உடம்பு இறுக இறுகச் சாக்கின் மூலையில் சிறு ஓட்டை போட்டுத் தினம் கொஞ்சம் மணலை ஒழுகவிட்டால் முட்டும் கூடவே இறங்கும்.

உடம்பைப் பெருவிரல் கனத் திரிகளால் சுற்றி எழுப்பி, உள்ளே தட்டுக்கல்லை அணைத்து, வெளியே தட்டுப்பலகையால் அடித்து இணையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சாணுக்கு மேல் ஏற்ற வேண்டாம். மறுநாள் தொடங்கும்போது விளிம்பைக் கீறி, குழைசேறு தடவித்தான் அடுத்த திரி வைக்க வேண்டும். ஈரமும் காய்ச்சலும் நேரடியாகச் சேர்ந்தால் ஒட்டாது. மூன்று துளைகள் அவசியம்: வாய், வால் அடி, வயிற்றின் கீழ்ப்புறம். வயிற்றுத் துளை ஒரு கை நுழையும் அளவு இருக்கட்டும். அடைபட்ட குதிரை சூளையில் வெடிகுண்டு.

தலையைத் தனியாகச் செய்து பொருத்துங்கள். காதும் மூக்கு விளிம்பும் மெல்லியவை, சீக்கிரம் காய்ந்துவிடும். அவற்றை மட்டும் ஈரத்துணியால் சுற்றிவைத்து மற்ற உடம்போடு சேர்ந்து காயவிட வேண்டும்.

இனி அலங்காரம். இந்தக் கடற்கரையில் குதிரை கண்ணால் பார்க்கக் கிடைக்காத பிள்ளைக்கும் கடிவாளம், சேணம், அங்கவடி (ஏறுபவர் கால் வைக்கும் வளையம்), சதங்கைமாலை என்ற சொற்கள் தெரிவது மண்புரவியால்தான். ஆகவே ஏனோதானோ என்று பூ ஒட்டி முடித்துவிடாதீர்கள். பாண்டியர் காலத்தில் இந்தக் கரைக்குக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகள் வருவதையும், பாண்டிய அரசர் ஆண்டுக்கு 2000-க்கு மேல் வாங்குவதையும், பராமரிக்கத் தெரியாததால் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்துபோவதையும் எழுதிவைத்தார். குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகருக்காகச் சிவன் நரியைப் பரியாக்கிய கதை வடக்கே திருப்பெருந்துறையை (இன்றைய ஆவுடையார்கோயில்) சுற்றி நிற்கிறது. அதே மாணிக்கவாசகர் பாடிய உத்தரகோசமங்கை நம் மாவட்டத்தில் இருக்கிறது. ராவுத்தர் என்ற பெயருக்கே குதிரைவீரர் என்றுதான் பொருள். கடல் கடந்து வந்த அந்த விலையுயர்ந்த விலங்கின் சேணத்தையும் வாரையும் மணியையும் மண்ணில் பிடித்துவைத்திருப்பவை இந்தக் குதிரைகள்.

கடிவாளத்தை நாடா மண்ணால் வாயின் இரு ஓரத்திலிருந்து தொடங்கிக் கழுத்துக்குக் கொண்டுவாருங்கள். நெற்றியில் பட்டம். கழுத்தில் சதங்கை: புளியங்கொட்டை அளவு உருண்டைகள், நடுவில் ஈர்க்குச்சியால் ஒரு கீறல். முதுகில் சேணம், அதற்குக் கீழே தொங்கும் வாரின் நுனியில் அங்கவடி. பிடரியைச் சீப்பால் கீறினால் போதும், தனி மண் ஒட்டினால் உதிரும். ஒட்டும் எதுவானாலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனம் வேண்டாம். கண்ணைக் குழியாக மட்டும் விடுங்கள். கருவிழி எடுப்பு அன்றுதான்.

காயவைத்தல், சுடுதல்

கூரைக்குள் நிழலில் இருபது நாள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். அந்தக் காற்று படும் பக்கம் முதலில் காய்ந்து சுருங்க, குதிரை அந்தப் பக்கம் சாயும். மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டி கட்டாமல் வனையவே தொடங்காதீர்கள். முதல் ஐந்து நாள் கால் பொருத்துகளையும் கழுத்தையும் ஈரச்சாக்கால் மூடிவையுங்கள். சிறு விரிசல் வந்தால் தண்ணீர் தடவி மூட வேண்டாம், அது மேலும் விரியும். அதே மண்ணின் காய்ந்த தூளைக் காடியில் (புளித்த கஞ்சி நீர்) குழைத்து அழுத்தி நிரப்புங்கள்.

சுடுகிற நாளில் முதலில் வயிற்றுக்குள் ஒரு கை கரிநெருப்பு போட்டு ஐந்தாறு மணி நேரம் சூடேற்றுங்கள். வாய்த் துளைக்கு நேராக ஓர் எவர்சில்வர் தட்டைப் பிடித்துப் பாருங்கள். தட்டில் ஆவி படிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. படியாத வரைக்கும் காத்திருக்க வேண்டும், வேறு வழியே இல்லை. வெடித்த குதிரைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையைத் தாண்டிக் குதித்தவை.

பிறகு சுற்றிலும் வறட்டி, சீமைக்கருவேல விறகு, பனைமட்டை அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, ஓர் அங்குலக் கனத்தில் சேறு பூசுங்கள். ஒரு குதிரைக்கு 200 கிலோ விறகும் 150 வறட்டியும் எடுத்துவையுங்கள். அடியிலும் உச்சியிலும் புகைத்துளைகள் விட வேண்டும். கடற்காற்று தணியும் அந்திக்குப் பிறகே தீ வையுங்கள். இருட்டில்தான் நிறமும் தெரியும். முதல் மூன்று மணி நேரம் தீ சிறியதாக இருக்கட்டும். துளை வழியே பார்த்தால் குதிரை கருஞ்சிவப்பிலிருந்து பளிச்சென்ற செம்மஞ்சளுக்கு வரும். அந்த நிறம் ஒரு மணி நேரம் நின்றதும் விறகு போடுவதை நிறுத்தித் துளைகளை அடைத்துவிடுங்கள்.

ஒன்றரை நாள் தொடக் கூடாது. செம்மை மறைந்து ஆறும் வழியில், ஏறத்தாழ 570 டிகிரியில், மண்ணுக்குள் இருக்கும் மணல் திடீரெனச் சுருங்கும். அந்நேரம் குளிர்காற்று பட்டால் கழுத்திலிருந்து வயிறுவரை மயிரிழை விரிசல் ஓடும். ஆறியதும் விரல்முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் தேறியது. டப்பென்று கேட்டால் விரிசலோ வேகாத இடமோ இருக்கிறது.

வண்ணமும் எடுப்பும்

இப்போது எனாமல் பெயின்ட் அடிப்பது வழக்கமாகிவிட்டது. பளபளப்பாகத் தெரியும், உண்மைதான். ஆனால் கால் வழியே ஏறும் உப்பீரம் வெளியேற வழியில்லாமல் பெயின்டுக்கு அடியில் படிந்து, ஓரிரு மழைக்காலத்தில் தோலோடு உரித்துவிடும். சிப்பிச் சுண்ணாம்பே இந்தக் கரைக்கு ஏற்றது. நீற்றி ஒரு வாரம் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, புளியங்கொட்டைப் பசை கொஞ்சம் சேர்த்து, பால்போல் நீர்க்க மூன்று பூச்சு பூசுங்கள். மேலே காவி, மஞ்சள், கரி. கெட்டியாக ஒரே பூச்சு பூசினால் பொடியாக உதிரும்.

சுட்ட குதிரை 80 கிலோ அளவு இருக்கும். வயிற்றின் இருபுறமும் நீள மூங்கில் கொடுத்து, வைக்கோல் பிரியால் காலோடு சேர்த்துக் கட்டி, நாலு அல்லது ஆறு பேர் தூக்க வேண்டும். கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. நைலான் கயிறு நேரடியாகப் பட்டால் ஓரம் வெட்டும். கண்திறப்பு முடியும்வரை குதிரையின் கண்ணைத் துணியால் மூடிவையுங்கள். கருவிழி வைத்து, வேட்டி மாலை சாத்திய பிறகே ஊர்வலம்.

கோயிலில் மணல் தரையில் நேராக நிறுத்தாதீர்கள். அரை அடி உயரக் கல்மேடை வேண்டும், ஒவ்வொரு குளம்புக்கு அடியிலும் தண்ணீர் வெளியேற இடைவெளி விட வேண்டும். உறுதியாக நிற்கட்டும் என்று காலுக்குள் சிமென்ட் ஊற்றுகிறார்கள். சிமென்ட் வெளியேறும் ஈரத்தைத் தடுத்து உப்பைச் சுற்றியுள்ள மண்ணில் தேக்கும், இரண்டே வருடத்தில் குளம்பு மாவாகும். விழுந்துவிடுமோ என்ற பயம் இருந்தால் வயிற்றுக்கு அடியில் கல்தூண் ஒன்று நிறுத்தி, இடையில் பனைநார் மெத்தை வையுங்கள்.

பங்குனியில் ஒருமுறை நல்ல தண்ணீரால் கால்களைக் கழுவி உப்பை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள். புரட்டாசி முடிவதற்குள் வயிற்றுத் துளையில் குச்சிவிட்டுப் பாருங்கள். குளவி மண்வீடு கட்டி அடைத்திருந்தால், ஐப்பசி மழை வாய்வழியே இறங்கி உள்ளேயே தேங்கும்.